கனகா கொடுத்த பனைச்செடி

அத்தியாயம் 9

போன வாரம் சந்திரகலாவைச் சொம்பும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம்.

கூடத்து ஜன்னலோரம் இருந்த பனைச்செடியின் தொட்டியில் அன்றைக்கு இரண்டாவது சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள் அவள். கடைச் சாவியை மறந்துவிட்டுப் போன கோதண்டராமன் திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். சந்திரகலா சொம்பை நிமிர்த்தினாள்.

அவன் திட்டவில்லை. அவன் முகம் மலர்ந்தது.

"நீயும் இதைக் கவனிக்க ஆரம்பிச்சுட்டியா? எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா!" என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டு, விசிலடித்தபடியே போய்விட்டான்.

செடி சாகட்டும் என்றுதான் அவள் ஊற்றினாள். அது அவனுக்குத் தெரியாது.

பேருக்குத்தான் பனை. இடுப்பு உயரம்கூட இல்லை. மெல்லிசான ஏழு தண்டுகள், அவற்றின் மேல் மயில்தோகை விரித்த மாதிரி ஓலைகள். வெயில் படாத கூடத்தில் வைத்து வளர்க்கிற ஜாதி. கோதண்டராமனின் தாய்மாமன் மகள் கனகவல்லி கொடுத்தது. மூன்று மாதத்துக்கு முன்பு, வேலூரிலிருந்து இந்த ஊர்ப் பெரியாஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தவள், முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தாள். ஆறு வருஷமாக ஹாஸ்டல் அறையில் அவள் வளர்த்த செடி. குவார்ட்டர்ஸில் நாள் முழுக்க வெயில் அடிக்கிறதாம், கருகிப் போகுமாம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோதண்டராமனுக்கும் கனகவல்லிக்கும்தான் கல்யாணம் என்று சொந்தமெல்லாம் பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் அவன் கட்டிக்கொண்டது கீழ்பென்னாத்தூர் சந்திரகலாவை. "அவளை நான்தான் வேணாம்னுட்டேன்" என்று கல்யாணமான முதல் வாரமே அவன் அவளிடம் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையைத்தான் சந்திரகலா இத்தனை வருஷமும் நகையைப் போலப் பூட்டிப் பூட்டி வைத்திருந்தாள்.

இனி இந்த வாரம்.

வெள்ளிக்கிழமை காலை. பிள்ளைகள் இரண்டும் லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சித்திரை வெயில் எட்டு மணிக்கே தெருவில் இறங்கிவிட்டது.

கோதண்டராமன் குளித்து முடித்து, கையில் ஓர் ஈரத்துணியோடு செடிக்கு முன்னால் உட்கார்ந்தான். சின்னக்கடைத் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நுணுக்கமான வேலைக்குப் பழகிய விரல்கள். ஓலையின் அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்து, வலது கையால் ஒவ்வொரு இதழாகத் தூசி துடைத்தான்.

சமையலறை வாசலில் நின்று சந்திரகலா பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்த்தால் தாங்க முடிவதில்லை.

மாசி மாதம் அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல். இரண்டாம் நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவன், கட்டில் பக்கம் வருவதற்கு முன்னால், "செடி வாடலையே?" என்றான். அப்புறம்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அந்தக் கைகூட மண் வாசனை அடித்தது. காய்ச்சல் இறங்கிய மறுநாள்தான் அவள் சொம்பைக் கையில் எடுத்தாள்.

"சந்திரா, இங்க வாயேன்."

போனாள்.

"இதைப் பாரு. போன வாரம் ரெண்டு ஓலைதான் மஞ்சளா இருந்துச்சு. இப்ப ஆறு. இந்தத் தண்டு பாரு, கைவெச்சா ஆடுது." அவன் ஆள்காட்டி விரலை மண்ணில் கணு வரைக்கும் நுழைத்தான். "மண்ணு சொதசொதன்னு இருக்கு. விரலு காஞ்ச மண்ணைத் தொட்டாதான் தண்ணி ஊத்தணும்னு கனகா சொன்னா. நான் பதினஞ்சு நாளா ஒரு சொட்டு ஊத்தலை. நீ எப்பவாவது ஊத்துறதுதானே?"

"எப்பவாவதுதான்."

"பின்ன ஏன் காயலை?"

அவள் ஊற்றுவது காலையில் இரண்டு சொம்பு, மத்தியானம் இரண்டு சொம்பு. அது போதவில்லை என்று பத்து நாளைக்கு முன்னால் இன்னொன்றும் செய்திருந்தாள். தொட்டியைச் சாய்த்து, அடியில் இருந்த ஓட்டையில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்திருந்தாள்.

"அவளையே வரச்சொல்லியிருக்கேன்" என்றான் கோதண்டராமன்.

"யாரை?"

"கனகாவைத்தான். நேத்து ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். இன்னிக்கு ரெண்டு மணிக்குத்தான் ட்யூட்டியாம். பத்து மணிக்கு வரேன்னா. நானும் கடையை மத்தியானமா தொறந்துக்குறேன்."

பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றுகூட ஒன்பது மணிக்குக் கடை திறந்தவன் இவன். அவளுடைய தங்கச்சி நிச்சயதார்த்தத்தில் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து, கடைக்கு நேரமாச்சு என்று பஸ் பிடித்தவன்.

"ஒரு செடிக்காகக் கடையை மூடுவீங்களா?"

"ஆறு வருஷம் வளத்தது, நம்மளை நம்பிக் குடுத்துருக்கா சந்திரா."

அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள். எரிந்துகொண்டிருந்த அடுப்பை.

*

பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கனகவல்லி வந்தாள்.

வெள்ளைப் புடவை இல்லை இன்றைக்கு. இளநீல வாயில் புடவை, ஒற்றைப் பின்னல், கையில் ஒரு கடிகாரம். முப்பத்தொரு வயது. கழுத்து வெறுமையாக இருந்தது. இவள் ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்பது சந்திரகலாவுக்குள் மூன்று மாதமாக முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிற கேள்வி.

"வணக்கம் மாமா. அக்கா, எப்படி இருக்கீங்க? பசங்க எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்க. உக்காரு. காபி போடுறேன்."

"அப்புறமா குடிக்கிறேன்க்கா. மொதல்ல இவரைப் பாத்துடறேன்."

'இவர்' என்று அவள் சொன்னது செடியை. கோதண்டராமன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் சந்திரகலாவுக்குள் எங்கேயோ போய்ப் பட்டது.

கனகவல்லி புடவையைச் செருகிக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். ஓலையை நிமிர்த்தி அடிப்பக்கம் பார்த்தாள். தண்டின் அடியைக் கிள்ளிப் பார்த்தாள். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"புளிச்ச வாடை அடிக்குது. வேர் அழுகுது மாமா. தண்ணி ஜாஸ்தி. யாரு ஊத்துறது?"

கோதண்டராமன் பெருமையாகச் சொன்னான். "சந்திராதான். நான் கடைக்குப் போனப்புறம் அவதான் பாத்துக்குறா. அன்னிக்குத் திடீர்னு வந்து பாத்தா, சொம்பை வெச்சுக்கிட்டு நிக்கிறா! என்னைவிட இவளுக்குத்தான் அது மேல அக்கறை ஜாஸ்தி."

கனகவல்லி தலையைத் தூக்கிச் சந்திரகலாவைப் பார்த்தாள். ஒரு நொடிதான்.

"அப்படியா" என்றாள்.

பிறகு தொட்டியை மடிமேல் சாய்த்தாள். அடியில் கையைக் கொடுத்து ஓட்டையைத் தேடினாள்.

ஓட்டைக்குள் இருந்தது சந்திரகலாவின் கிழிந்த ரவிக்கையின் துண்டு. ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளி. கோதண்டராமன் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. ஒரு முறை பார்த்தால் அவனுக்குத் தெரிந்துபோகும்.

கனகவல்லியின் விரல் ஏதோ ஒன்றைப் பிடித்து இழுத்தது. கறுத்த தண்ணீர் குபுக்கென்று கொட்டிப் புடவையை நனைத்தது. கூடவே துணியும் வந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். கை சட்டென்று மூடிக்கொண்டது.

"இன்னா அது?" என்று குனிந்தான் கோதண்டராமன்.

"ஓட்டையில மண்ணு கட்டி அடைச்சிருக்கு மாமா. அதான் தண்ணி வடியலை. அக்கா மேல தப்பு இல்லை" என்றாள் கனகவல்லி. குரலில் ஒரு பிசிறும் இல்லை. "இந்தத் தொட்டி வேணாம். இதைவிடச் சின்னதா ஒரு மண்தொட்டி வேணும். ஓட்டை பெருசா இருக்கணும். கொஞ்சம் ஆத்து மணலும் வேணும். போயி வாங்கியாறீங்களா?"

"இதோ. தேரடியாண்ட கிடைக்கும். மணலு, பின்தெருவுல பரசுராமன் வீடு கட்டுறான், அவன்கிட்ட கேக்குறேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான்.

*

இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள்.

கனகவல்லி கையை விரித்து, துணியைப் பிழிந்து, சந்திரகலாவின் பக்கம் நீட்டினாள்.

"அடுப்புல போட்டுருங்கக்கா."

சந்திரகலா வாங்கிக்கொள்ளவில்லை. பயம் போய்விட்டது. அந்த இடத்தில் ஆத்திரம் வந்து நின்றது. மாட்டிக்கொண்டதைவிட, காப்பாற்றப்பட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நீ யாருடி என்னைக் காப்பாத்துறதுக்கு? சொல்லியிருக்க வேண்டியதுதானே! 'பாருங்க மாமா, உங்க பொண்டாட்டி லட்சணத்தை'ன்னு காட்டியிருக்கலாமே!"

"காட்டினா உங்களுக்குச் சண்டை வரும். செடி பொழைச்சுடுமா?"

"எனக்கு இந்தச் செடி வேணாம். இது வந்ததுலேர்ந்து என் வீடு என் வீடா இல்லை. காலையில எழுந்தா அது. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அது. கனகா இப்படிச் சொன்னா, கனகா அப்படிச் சொன்னா. என் பேரை ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி சொல்றாரு, உன் பேரை எத்தினி வாட்டி சொல்றாருன்னு எனக்குத்தான் தெரியும்."

கனகவல்லி தொட்டியின் விளிம்பைத் தட்டித் தட்டி மண்ணைத் தளர்த்தினாள். அந்த நிதானம் சந்திரகலாவை இன்னும் எரித்தது.

"பதினோரு வருஷம் முன்னாடியே உன்னை வேணாம்னு சொல்லிட்டாரு இல்ல? அப்புறமும் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிற?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"வேணாம்னு சொன்னாரா? யாரு, மாமாவா?"

அந்த வியப்பு நடிப்பு இல்லை. சொல்லி முடித்த மறு கணமே கனகவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆமாம்க்கா" என்றாள் அவசரமாக. "அவருதான் வேணாம்னாரு. பழைய கதை. விடுங்க."

"என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

கனகவல்லி பார்க்கவில்லை.

"பாத்துச் சொல்லு கனகா."

கனகவல்லி தொட்டி மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தான் மாட்டேன்னேன். அப்ப எனக்கு ட்ரெயினிங் முடிய ஒரு வருஷம் இருந்துச்சு. அது மட்டும் காரணம் இல்லை. என்னவோ, எனக்கு இஷ்டம் இல்லைன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். மாமா மேல கோவம் எதுவும் கிடையாது."

"அவரு இன்னா சொன்னாரு?"

"விடுங்கக்கா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வேலூருக்கு வந்து ஹாஸ்டல் கேட்டாண்ட நிப்பாரு. ஆறு மாசம். நான் வெளியில வரமாட்டேன். வாட்ச்மேனுக்கே பாவமா இருந்துச்சாம். அப்புறம் ஒருநாள் வர்றது நின்னுபோச்சு. கொஞ்ச நாள்ல உங்க கல்யாணப் பத்திரிகை வந்துச்சு."

சந்திரகலா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்தது. கீழ்பென்னாத்தூர் வீட்டுக் கூடத்தில் அவள் காபி டம்ளரை நீட்டியபோது அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ கேட்டதற்கு, "சரி" என்று ஒரே வார்த்தை சொன்னான். கூச்ச சுபாவம், நல்ல பிள்ளை என்று அவள் அம்மா பூரித்துப் போனாள். அவளும்தான். அந்த 'சரி'யை எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்! அது ஹாஸ்டல் கேட் முன்னால் நின்று நின்று களைத்துப்போனவன் சொன்ன 'சரி'.

இத்தனை நாள், தன்னிடமிருந்து அவனை எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்றுதான் இவளைப் பார்த்து எரிந்தாள். இவள் வேண்டாம் என்று தள்ளியதுதான் தன் கைக்கு வந்தது என்பது அவள் நினைத்தே பார்க்காதது.

"பின்ன எதுக்கு இந்த ஊருக்கு வந்தே?" குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "தமிழ்நாட்டுல வேற ஆஸ்பத்திரியே இல்லையா?"

"மாத்தல் நானே கேட்டு வாங்கினதுதான்."

"இந்த ஊருதான் வேணும்னா?"

"இந்த ஊருதான் வேணும்னு. ஆனா அதுக்கும் மாமாவுக்கும் சம்பந்தம் இல்லை. சத்தியமா இல்லை." கனகவல்லியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கலக்கம் தெரிந்தது. "அதை மட்டும் இப்ப கேக்காதீங்கக்கா. கேட்டா சொல்லிருவேன். சொன்னா, இங்க இருக்க முடியாம போயிடும்."

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சந்திரகலா அந்த ஈரத் துணியைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

*

கிணற்றடியில் வைத்துச் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தார்கள். வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. கையால் உருவினால் தோல் தனியாகக் கழன்று வந்தது. கனகவல்லி மண்ணையெல்லாம் அலசிவிட்டு, கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்து, அழுகியதை ஒவ்வொன்றாக வெட்டினாள். கோதண்டராமன் அருகில் உட்கார்ந்து அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்தான்.

ஏழு தண்டில் நான்கு போய்விட்டன. மூன்றின் வேர் மட்டும் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது.

சந்திரகலா துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, செடியைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டல் கேட் முன்னால் நின்ற இருபத்தெட்டு வயசுப் பையனின் முகத்தை இந்த முகத்தில் தேடினாள். கனகவல்லி கையை நீட்டினால் மணல். அவள் நிமிர்ந்தால் தண்ணீர். கேட்பதற்கு முன்னாலேயே கொடுத்துக்கொண்டிருந்தான்.

மணலும் மண்ணும் கலந்து, மூன்று தண்டையும் புதுத் தொட்டியில் நட்டு முடித்தபோது மணி பன்னிரண்டரை.

"பொழைக்கிறது கஷ்டம்தான்" என்றாள் கனகவல்லி, கையைக் கழுவிக்கொண்டே. "நான் வேணா எடுத்துட்டுப் போயிடறேன் மாமா. வார்டுல ஒரு ஓரமா வெச்சுக்குறேன். அக்காவுக்கு எதுக்கு இந்த வேலை எல்லாம்?"

கோதண்டராமன் வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் சந்திரகலா எழுந்து வந்தாள்.

"இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்குறேன்."

கனகவல்லி அவளைப் பார்த்தாள். நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

"பத்து நாளைக்குத் தண்ணி வேணாம்க்கா. ஓலை வாடினாலும் வேணாம். அப்புறம் விரலை விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் அரை சொம்பு. தொட்டிக்கு அடியில வெக்கிற தட்டுல தண்ணி நிக்கவே கூடாது."

"தெரியும். எவ்ளோ ஊத்தினா சாகும்னு தெரிஞ்சவளுக்கு, எவ்ளோ ஊத்தினா பொழைக்கும்னு தெரியாதா?"

கோதண்டராமன் சிரித்தான், ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து. கனகவல்லி சிரிக்கவில்லை. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

*

இலை போட்டு, சோறு வைத்து, சாம்பாரை ஊற்றிவிட்டுச் சந்திரகலா எதிரில் உட்கார்ந்தாள். அவன் இரண்டு வாய் சாப்பிடும் வரை காத்திருந்தாள்.

"வேணாம்னு சொன்னது யாருங்க? நீங்களா, அவளா?"

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. எதைக் கேட்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது.

"அவ சொன்னாளா?"

"நீங்க சொல்லுங்க."

"அவதான்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னான். "நம்ம கல்யாணமான மூணாம் நாளு. எங்க அத்தை யாரோ உங்கிட்ட வந்து, அந்தப் பொண்ணைத்தான் கட்டுறதா இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. நீ ரூமுக்குள்ள போயி அழுதுட்டே இருந்தே. உன்னை எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியலை. நான்தான் வேணாம்னேன்னு சொன்னேன். உடனே நிறுத்திட்டே."

"இப்ப?"

"இப்ப இன்னா?"

"இப்ப அவ எதிர்ல வந்து நிக்கிறப்ப மனசுல ஒண்ணும் இல்லையா?"

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னா, அதுவும் பொய்யாயிடும் சந்திரா. ஆனா நீ நினைக்கிற மாதிரி இல்லை. அது இன்னதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை."

அவள் அழவில்லை. அழுதால் மறுபடியும் ஏதாவது ஒரு பொய் சொல்லி நிறுத்துவான் என்று தோன்றியது.

"நானும் ஒண்ணு சொல்றேன். ஓட்டையில மண்ணு அடைச்சுக்கல. நான்தான் துணியை வெச்சு அடைச்சேன். நீங்க கடைக்குப் போனதும் தினம் நாலு சொம்பு ஊத்துவேன். நீங்க வர்றதுக்குள்ள மேல வழிஞ்சதையும் அடித்தட்டையும் துடைச்சு வெச்சுருவேன். அது சாகணும்னுதான்."

கோதண்டராமன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபம் இருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"பிடிக்கலைன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்திருப்பேனே."

"குடுக்குறதுக்கு அவ குவார்ட்டர்ஸுக்குப் போயிருப்பீங்க. அதான் சொல்லலை."

அவள் மோர் ஊற்றினாள். குடித்தான். இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

கை கழுவி வந்தபோது, கூடத்து ஜன்னலோரம் காலியாக இருந்தது. அவன் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்த செடியை, சந்திரகலா சமையலறையின் வடக்கு ஜன்னலுக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருந்தாள்.

"அங்கயும் வெயில் படாது. வெளிச்சம் வரும்" என்றாள். "ஆனா ஒண்ணு. இனிமே நீங்க அதைத் தொடக் கூடாது. துடைக்கிறதும் நான்தான், தண்ணி ஊத்துறதும் நான்தான். பொழைச்சாலும் செத்தாலும் என் கையால."

"சரி" என்றான் அவன்.

அந்த 'சரி'யும் அவள் காதில் சுருக்கென்று விழுந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தெருவில் இறக்கினான். வழக்கமாக அவன் போனதும் அவள் கதவைச் சாத்திவிடுவாள். இன்றைக்கு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது.

தெருக்கோடியில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் திரும்பினால் சின்னக்கடைத் தெரு, அவன் கடை. வலது பக்கம் திரும்பினால் பெரியாஸ்பத்திரி.

கோடிக்குப் போனதும் சைக்கிள் நின்றது. கோதண்டராமன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறவன் போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

பிறகு ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பினான்.

சந்திரகலா உள்ளே போகவில்லை. கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பை மாட்டினாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில் அவளும் தெருக்கோடியை நோக்கி நடந்தாள்.

கோடிக்கு வந்ததும் அவள் நிற்கவில்லை. வலது பக்கம் திரும்பினாள்.